புல்லு எண்ணுகிற வேலை
(சுன்னாகத்தில் நிகழ்த்திய பொது உரையின் எழுத்து வடிவம்)



பார்த்தீனியம் என்ற களை இலங்கையில் முதன்முதலாக இனங்காணப்பட்டது 1999ஆம் ஆண்டு, வவுனியாவில். 1987இல் இந்திய அமைதிப்படை வந்தபோது உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அதன் விதையும் வந்திருக்கலாம் என்பது தாவரவியலாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். அந்த விளக்கம் சரியென்றால் இடையில் பன்னிரண்டு வருடம் கிடக்கிறது. இடுப்புயரம் வளரும் செடி அது. முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூக்கும். செழித்த செடி ஒன்று 15,000 விதைக்கு மேல் கொட்டும். பன்னிரண்டு வருடத்தில் அது எவ்வளவு பெருகியிருக்கும் என்று இங்கே இருக்கும் உயர்தரப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவ்வளவு காலத்தில் அதைக் கண்ணால் கண்டவர்கள் ஆயிரம் பேராவது இருந்திருப்பார்கள். காண்பதையே வேலையாக வைத்திருந்தவர்தான் இல்லை.

அந்த வேலையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அதற்கு நீண்ட பதவிப் பெயர் உண்டு. தமிழில் தாவரவியல் களத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று எழுதுவார்கள். ஊரில் எனக்குக் கிடைத்த பெயர் 'புல்லு எண்ணுற பிள்ளை'. இரண்டாவதுதான் சரியான விவரம் என்பது என் எண்ணம்.

சுன்னாகத்துக்குப் பார்த்தீனியம் எப்போது வந்தது? இதற்கு இரண்டு கதை சொல்லலாம். அமைதிப்படை யாழ்ப்பாணத்திலும் இருந்தது; ஆகவே 1987க்கும் 1990க்கும் இடையிலேயே நேராக இங்கே இறங்கியிருக்கலாம் என்பது ஒன்று. வவுனியாவில் பெருகி, 2002 சித்திரையில் ஏ-9 பாதை திறந்தபோது லொறிச் சில்லோடும் மாட்டு எருவோடும் வடக்கே ஏறியிருக்கலாம் என்பது மற்றது. 2014இல் யாழ்ப்பாணம் வரையும் 2015 தையில் காங்கேசன்துறை வரையும் ரயில் திரும்பி வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்முடைய நிலம் சுண்ணாம்புக்கல். தண்டவாளத்துக்குப் போடும் கருங்கல்லுச் சல்லி ஒன்றுகூட இந்தக் குடாநாட்டில் பிறப்பதில்லை; எல்லாம் வெளியிலிருந்து வந்தது. கல்லோடு மண் வரும், மண்ணோடு விதை வரும்.

இந்த இரண்டு கதையில் எது சரி என்பது வெறும் வரலாற்று ஆசை இல்லை. முதலாவது சரியென்றால் செடி இங்கே முப்பது வருடத்துக்கு மேல் விதையை மண்ணில் சேமித்துவிட்டது. ஒழிப்பு வேலை நிலத்துக்குள் இருக்கிறது. இரண்டாவது சரியென்றால் பாதையைக் காக்கவேண்டும்; வேலை சந்தையடியிலும் லொறித் தரிப்பிடத்திலும் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல ஒரு சின்னத் தாள் போதும்: 1995இல் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் ஒருவர் நின்று, இங்கே நிற்கும் செடிகள் இவை என்று எழுதித் திகதி போட்ட தாள். 1995 ஐப்பசி முடிவில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அந்த வருடம் யாரைப் போய்ப் புல்லு எண்ணச் சொல்வது? குற்றம் சொல்லவில்லை. இல்லாத தாளுக்கு நாம் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்கிறேன்.

போர் நடந்த வழியில் இந்தச் செடியும் நடந்திருப்பது நமக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை. ஓஸ்ரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1955இல் கண்டார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து இயந்திரப் பாகங்களோடு அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் என்று நம்புகிறார்கள். எத்தியோப்பியாவில் உணவு உதவித் தானியத்தோடு வந்தது என்பார் உண்டு, ஒகடென் போரின் படை வாகனங்களோடு வந்தது என்பாரும் உண்டு. இந்தியாவில் பூனாவில் பதிவானதும் அதே 1955தான். அங்கே வெள்ளைப் பூவைக் கதர்த் தொப்பியாகக் கண்டு காங்கிரஸ் புல் என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பார்கள். சனம் எங்கே போனாலும் அரசியலை விடாது. பிறந்த இடம் என்னவோ மெக்சிக்கோ வளைகுடாப் பக்கம்.

இனி வேலைக்கு வருவோம்.

பி.வி.சி. குழாயை நாலு துண்டாக வெட்டி, நாலு மூலைக்கும் எல்போ போட்டு, ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரச் சட்டம் செய்கிறோம். அதை நிலத்தில் வைத்து, உள்ளே நிற்கும் ஒவ்வொரு செடியையும் இனம் பிரித்து எழுதுகிறோம். அறுகு, கோரை, குப்பைமேனி, கீழ்க்காய்நெல்லி, நாயுருவி, தும்பை, சாறணை. எண்ணக்கூடியதை எண்ணுகிறோம். அறுகுபோலப் படர்ந்து, எது ஒரு செடி என்று சொல்லமுடியாததற்கு, சட்டத்துக்குள் எத்தனை வீதம் நிலத்தை மூடியிருக்கிறது என்று மதிக்கிறோம். மதிப்பை இரண்டு பேர் தனித்தனியே, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதவேண்டும். கதைத்துக்கொண்டு எழுதினால் வயதில் மூத்தவருடைய எண்தான் இரண்டு கொப்பியிலும் வரும். யாழ்ப்பாணத்தில் இது மிகவும் கவனிக்கவேண்டிய விதி.

வலிகாமத்துத் தோட்டக்கரை ஒன்றில் இப்படிக் குனிந்திருந்தபோது, வெங்காயப் பாத்திக்குள் நின்ற அம்மா ஒருவர் கேட்டார்: "என்ன பிள்ளை, என்னத்தைத் துலைச்சுப்போட்டுத் தேடுறாய்?"

"ஒண்டும் துலைக்கேல்லை அம்மா. புல்லு எண்ணுறன்."

"எண்ணி?"

அந்த "எண்ணி?"க்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கேள்வி நியாயமானது. ஒரு தடவை எண்ணினால் அதற்குப் பதில் கிடையாது. அதே இடத்தில் அடுத்த மாரியும், அதற்கடுத்த மாரியும் எண்ணினால்தான் பதில் வரத் தொடங்கும். முதலாம் வருடத்து எண்ணுக்கு அடுத்த எண் வரும்வரை ஒரு பொருளும் இல்லை.

ஆகவே இந்தத் தொழிலின் முதல் விதி, அதன் உயிர்நாடி, 'அதே இடம்' என்பதில் இருக்கிறது. சதுரத்தின் மூலையை இரும்புக் குற்றி அடித்து அடையாளம் செய்யச் சொல்லிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். புத்தகம் எழுதியவர் பழைய இரும்பு வாங்குபவரைக் கண்டதில்லை. இங்கே கல்லுத்தான் நிற்கும். அதையும் நிலத்தோடு மட்டமாகப் புதைக்கவேண்டும், உழவு இயந்திரம் படாத வரம்போரமாகப் பார்க்கவேண்டும். ஜி.பி.எஸ். நாலைந்து மீற்றர் அங்குமிங்கும் காட்டும். ஒரு மீற்றர்ச் சதுரத்துக்கு அது காணாது. எனவே கிணற்றுக் கட்டின் வடகிழக்கு மூலையிலிருந்து இத்தனை மீற்றர், பெரிய புளியிலிருந்து இத்தனை மீற்றர் என்று இரண்டு அசையாப் பொருளிலிருந்து நாடா பிடித்து எழுதுகிறோம். நம் ஊரில் கிணறு அசையாது. புளியைப் பற்றி நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

இரண்டாவது விதி, இல்லை என்பதையும் எழுதுவது. ஒரு சதுரத்தில் பார்த்தீனியம் நிற்கவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது, பூச்சியம் போடவேண்டும். வெறும் கட்டத்துக்குப் பார்க்கவில்லை, மறந்துவிட்டோம், மழை பிடித்தது என்று பத்துக் காரணம் இருக்கலாம். பூச்சியத்துக்கு ஒரே பொருள்தான்: தேடினேன், இல்லை. 1987க்கும் 1999க்கும் இடையில் நமக்கு இருப்பதெல்லாம் வெறும் கட்டங்கள். யாராவது அப்போது பூச்சியம் போட்டிருந்தால், பூச்சியம் எந்த வருடம் ஒன்றாக மாறியது என்று இன்று விரல் வைத்துக் காட்டலாம். புதியதொன்றைக் கண்டுபிடிப்பது சந்தோசம்; பத்திரிகையில் படம் வரும். பூச்சியம் எழுதுபவருக்குப் படம் வராது. ஆனால் கண்டுபிடிப்புக்கு வயது சொல்வது அந்தப் பூச்சியந்தான்.

மூன்றாவது விதி கொஞ்சம் வெட்கக்கேடான உண்மையிலிருந்து பிறந்தது. பார்த்தீனியத்தின் விதை இரண்டு மில்லிமீற்றர் அளவு. சப்பாத்தின் அடியில், காற்சட்டை மடிப்பில், நாடாவின் சுருளில் ஒட்டிக்கொள்ளும். களம் களமாக ஏறி இறங்கும் எங்களைவிட நல்ல வாகனம் அதற்கு எங்கே கிடைக்கும்? அதனால் சுத்தமான இடத்தை முதலில் பார்த்து, செடி மண்டிய இடத்தைக் கடைசியில் பார்க்கிறோம். புறப்படுமுன் சப்பாத்தைத் தட்டித் தூரிகையால் துடைக்கிறோம். குயின்ஸ்லாந்தில் லொறிகளையும் அறுவடை இயந்திரங்களையும் கழுவுவதற்கென்றே பாதையோரத்தில் இடம் கட்டியிருக்கிறார்கள். சுன்னாகம் சந்தைக்கு வருகிற போகிற லொறிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு குழாயும் ஒரு வடிகாலும் அதிக செலவில்லை.

இங்கே தோட்டக்காரர்களும் இருக்கிறபடியால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வானத்தை நம்பும் வறண்ட நிலத்தில் பார்த்தீனியம் மழையோடு முளைத்துக் கோடையில் அடங்கும். நம் செம்மண்ணில் கிணற்று இறைப்பு வருடம் முழுக்க ஈரம் கொடுக்கிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் விடும் தண்ணீரில் வரம்போரச் செடியும் பங்கு கேட்கும். எல்லா மாதமும் முளைக்கும். பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்கவேண்டும். பூத்து விதை பழுத்த பிறகு பிடுங்கி வரம்பில் எறிவது, விதைப்பதற்குச் சமம். தோலில் பட்டால் கடிக்கும், சிலருக்குச் சிரங்காகவே மாறும். பூந்தூள் மூச்சுக்குள் போனால் சிலருக்கு இழுப்பும் வரும். இளஞ்செடி கரட் இலையைப்போல நிலத்தோடு படிந்து கிடக்கும். அந்தப் பருவத்தில் இனங்கண்டால்தான் பிடுங்குவது சுலபம். இந்தியாவில் 1984 முதல் மெக்சிக்கோ வண்டு ஒன்றை அதன் இலையைத் தின்ன விட்டார்கள். வண்டு தின்கிறது. செடியும் இருக்கிறது.

மரங்களை அளப்பது வேறு முறை. தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாடா சுற்றிப் பருமன் எடுக்கிறோம். அலுமினிய இலக்கத் தகடு கட்டுகிறோம். அளந்த இடத்தில் வர்ணத்தால் கோடு இடுகிறோம். நீலகிரி அடிவாரத்து முதுமலையில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இராமன் சுகுமார் குழுவினர் 1988இல் 50 ஹெக்டேயர் காட்டை இப்படித் தகடு கட்டி அளக்கத் தொடங்கினார்கள். சுமார் 26,000 தண்டுகள். ஒவ்வொரு வருடமும் போய் எது செத்தது, எது நிற்கிறது என்று பார்த்தார்கள். யானை விரும்பித் தின்னும் சில மரவகைகள் அந்தப் பதிவுக்குள்ளேயே மளமளவென்று குறைந்துபோனது தெரிந்தது. ஒருமுறை போய்விட்டு வந்தவருக்கு அது தெரிந்திராது. நம் நாட்டில் சிங்கராஜாவில் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் 1993இல் 25 ஹெக்டேயரில் தொடங்கினார்கள். ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள கன்றுக்கும் தகடு உண்டு. இங்கிலாந்தில் ரொதம்ஸ்ரெட் என்ற இடத்தில் ஒரே புல்வெளியை 1856இலிருந்து விடாமல் பார்க்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஒரு புல்வெளி! இந்தப் பதிவுகளை வைத்து எழுதும் கட்டுரையில் பேராசிரியரின் பெயர் வரும். காட்டுக்குள் நாடா பிடித்தவர் கடைசிப் பந்தியில் நன்றி பெறுவார். இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதல்ல என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

சிங்கராஜாக் கையேட்டை அப்படியே யாழ்ப்பாணத்துக்குத் தூக்கிவர முடியாது. நம் முதல் மரம் பனை. பனைக்கு நாடா சுற்றுவது வீண்வேலை. வேம்போ பூவரசோ வருடத்துக்கு வருடம் பருப்பதுபோல ஒருவித்திலையான பனை பருப்பதில்லை, மேல்நோக்கித்தான் போகும். பத்து வருடம் கழித்துச் சுற்றினாலும் நாடா அதே எண்ணைத்தான் சொல்லும். ஆகவே உயரம், பச்சை ஓலையின் எண்ணிக்கை, வட்டின் நிலை இவற்றை எழுதவேண்டும். ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாவது செல்லும். அதுவரை அந்தக் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதத் துணிவு வேண்டும்.

இரண்டாவது வித்தியாசம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வலிகாமத்தில் காடு இல்லை. ஆனால் வேலி இருந்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால். அதில் ஏறிய முசுட்டை, குறிஞ்சா, முடக்கொத்தான், தூதுவளை. கீழே நிழலில் சாறணை, கீழ்க்காய்நெல்லி. ஒழுங்கைக்கு ஒழுங்கை ஓடிய அந்த இரண்டு கரை வேலிதான் இந்த ஊரின் காடு. வறைக்கும் இலைக்கஞ்சிக்கும் இலை, ஆட்டுக்குக் குழை, தோட்டத்துக்குப் பசளை, ஓணானுக்கும் செண்பகத்துக்கும் வீடு. இப்போது மதில் வருகிறது. வெளிநாட்டுக் காசு வந்த வீட்டில் முதலில் எழும்புவது மதில். மதில் கட்டுவது தவறென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கிடுகு வேலி வருடாவருடம் கேட்கும் உழைப்பைச் செய்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் ஓர் ஒழுங்கையில் வேலி எத்தனை மீற்றர், மதில் எத்தனை மீற்றர், வேலியில் என்ன கொடி என்று வருடத்துக்கு ஒருமுறை நடந்து எழுதினால், சுன்னாகத்தின் காடு எந்த வேகத்தில் போகிறது என்பது எண்ணாகத் தெரியும். சிங்கராஜாக் கையேட்டில் இந்த அளவீடு இருக்காது. இது நாமே செய்துகொள்ளவேண்டிய கையேடு.

கொடிகளின் பெயருக்கு இலை பறிக்கும் பெண்களைத்தான் கேட்பேன். முசுட்டையை இளந்தளிரிலேயே, பூவில்லாமல், நாலடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். பட்டதாரிக்குப் பூ வேண்டும், காய் வேண்டும், லென்ஸ் வேண்டும். அறிவியற் பெயரோடு ஊர்ப் பெயரையும், சொன்னவர் எந்த ஊர் என்பதையும் எழுதுகிறோம். கோப்பாயில் ஒரு பெயர், சங்கானையில் ஒரு பெயர் இருக்கும். சொல்லைத் தேடித் தேடி அகராதி செய்த குமாரசுவாமிப் புலவரின் ஊர் இது. தேடி எழுதுவது சுன்னாகத்துக்குப் புதிய பழக்கம் இல்லை.

இங்கிருந்து வடக்கே சில மைல் போனால் நாம் கைவிட்ட ஒரு பெரிய பாடம் கிடக்கிறது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் சனம் எழும்பியது. மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைச் சுற்றாடலில் தோட்டமும் வளவும் கால் நூற்றாண்டுக்கு மேல் மனிதக் கை படாமல் கிடந்தன. போர் முடிந்தபின் துண்டு துண்டாக நிலம் விடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஆடியில். திரும்பிப் போனவர்கள் கண்டது பற்றை. வீட்டுக்குள் மரம். செம்மண் தோட்டம் தன்பாட்டில் விடப்பட்டால் முதலில் எது வரும், பிறகு எது வரும், இருபத்தைந்து வருடத்தில் எங்கே போய் நிற்கும் என்ற கேள்விக்கு இயற்கை அங்கே பதில் எழுதி வைத்திருந்தது. அந்தச் சனம் கொடுத்த விலைக்கு வேறொரு பதிவும் ஈடாகாது. என்றாலும் அது விடை எழுதியிருந்த தாள்தான்; அதை ஜே.சி.பி. வந்து ஒரு காலைப்பொழுதில் வழித்துவிட்டது. வீடு கட்டத் துடித்தவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இயந்திரம் வருவதற்கு முதல்நாள் இரண்டு பேர் ஒரு சட்டத்தோடு போயிருந்தாலே போதும். இன்னும் விடப்படாத துண்டுகள் இருக்கின்றன. அவற்றுக்காவது போகவேண்டும்.

முன்பதிவு இல்லாமையின் விலை என்னவென்று சுன்னாகத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், எது எங்கிருந்து எப்போது வந்தது என்று வருடக்கணக்காக வாதாடினார்கள். 2019 சித்திரையில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதற்குள் எத்தனை குடும்பம் பவுசர்த் தண்ணீருக்கு வரிசையில் நின்றது என்பது உங்களுக்குத்தான் தெரியும். கிணற்றுக்குக் கிணறு, அதற்கு முன் பத்து வருடம் ஒழுங்காக எழுதிய நீர்ப்பதிவு இருந்திருந்தால் அந்த வாதத்தின் நீளம் வேறாக இருந்திருக்கும்.

தெற்கிலும் ஓர் உதாரணம் உண்டு. குருடியா செய்லானிக்கா என்ற மரம் அழிந்துவிட்டதென்று 2012ஆம் ஆண்டுச் சிவப்புப் பட்டியல் சொன்னது. 2019இல் கம்பஹாப் பக்கம் பாதையோரத்தில் ஒன்று நிற்பதாகச் சொன்னார்கள். 2021இல் அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப் போனார்கள். சத்தம் எழுந்து நிறுத்தினார்கள். அழிந்தது என்றால் என்ன? கடைசியாகத் தேடியவர் காணவில்லை என்பதுதானே. எத்தனை பேர், எத்தனை தடவை தேடினார்கள் என்பதைப் பட்டியல் சொல்லாது.

சம்பளத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள். இந்த வேலை பெரும்பாலும் திட்டக் காசில் நடக்கிறது. இரண்டு வருடம், மூன்று வருடம். காசு முடியச் சட்டத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போய்விடும். பொதுவாக எண்கள் பேசத் தொடங்கும் தறுவாயில்தான் திட்டம் முடியும். நிரந்தரப் பதவி வேண்டுமென்று கேட்கவேண்டியதுதான், கேட்போம். அதுவரை பாடசாலைகள் செய்யலாம். பாடசாலைக்கு ஆயுள் நீளம்.

என் யோசனை இதுதான். சுன்னாகத்தில் பத்து இடம்: சந்தையின் பின்புறம், ரயில் நிலையத் தண்டவாளக் கரை, மின்நிலைய வேலியோரம், கந்தரோடைப் பாதையில் இரண்டு, வழுக்கியாற்றுக் கரைக்குப் போகும் வழியில் இரண்டு, மூன்று தோட்டக்கரை. வருடத்துக்கு இரண்டு சுற்று. முதல் மழை விழுந்து மூன்றாம் கிழமை ஒன்று, பங்குனியில் ஒன்று. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு தாள், ஒரு படம். பார்த்தீனியம் இருந்தால் எண்ணிக்கை, இல்லாவிட்டால் பூச்சியம். ஐயமான செடியைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி, பூவின் நிறத்தைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். காய்ந்தால் நிறம் போய்விடும். பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கோ பேராதனைத் தேசிய உலர்தாவரகத்துக்கோ அனுப்பிப் பெயர் கேட்கலாம்.

தாளை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பாடசாலையில், ஒன்று ஊர் நூலகத்தில், ஒன்று யாழ்ப்பாணத்துக்கு வெளியே. 1981இல் நூலகம் எரிந்த ஊர்க்காரருக்கு ஏன் மூன்று என்று விளக்கவேண்டியதில்லை. கணினியில் ஏற்றுங்கள், ஆனால் பென்சிலால் எழுதிய மூலத்தாளை எறியாதீர்கள். மழையில் நனைந்தாலும் பென்சில் கரையாது.

முதற் சுற்றுக்கு வர விரும்பும் பிள்ளைகள் முழுக்கைச் சட்டை, சப்பாத்து, கையுறையோடு வாருங்கள். இழுப்பு உள்ளவர்கள் களத்துக்கு வரவேண்டாம். தாள்களைச் சரிபார்க்க நிழலில் இரண்டு பேர் எனக்குக் கட்டாயம் வேண்டும், அவர்கள் அங்கே இருக்கலாம். தோட்டக்காரர்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. வரம்போரத்தில் புதைத்த கல்லைக் கண்டால் கிளப்பிவிடாதீர்கள்.